காற்றில் பந்து இருக்கும் ஆட்டம்: ஒரு லௌத் ரசிகையின் மதிப்பீடு

லௌத் 3-14, மீத் 1-18. அயர்லாந்தின் டப்ளின் நகரில், குரோக் பார்க் மைதானத்தில் 2025 மே 11 அன்று முடிந்த லென்ஸ்டர் மாகாண கேலிக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் கணக்கு இது. எங்கள் லௌத் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட அணி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இதற்கு முன் லௌத் இந்தப் பட்டத்தை வென்றது 1957-இல்.

நான் லௌத்தில் உள்ள ட்ராஹெடா ஊரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். செவிலியர் வேலை. புதிதாக வேலைக்கு வரும் நம்மவர்கள் சாப்பாட்டு அறையில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது: "அக்கா, இந்த கேலிக் கால்பந்துக்கு டிக்கெட் எடுத்துப் போனால் கொடுத்த பணத்துக்குத் தகுமா?" 2024 வரை கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன். 2025 பருவத்தை நேரிலும் தொலைக்காட்சியிலுமாகப் பார்த்து முடித்த பிறகு எனக்குத் தயக்கமே இல்லை. தகும். கட்டாயம் போய்வாருங்கள்.

முதலில் அந்தக் கணக்கு. 3-14 என்றால் மூன்று கோல், பதினான்கு புள்ளி. கோல் ஒன்றுக்கு மூன்று புள்ளி, ஆகவே மொத்தம் 23. மீத்தின் 1-18 மொத்தம் 21. கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்து எச் வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல், கம்பத்தருகே நிற்கும் துணை நடுவர் பச்சைக் கொடி காட்டுவார். கம்பிக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே பறந்தால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், எழுபது நிமிட ஆட்டம். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நான்கு எட்டுக்கு மேல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது காலில் போட்டுக் கைக்கே திருப்பி உதைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதன் பெயர் சோலோ. என் பதினொரு வயது மகன் வீட்டு நடையில் நின்று இதைப் பழகுவதை நாள்தோறும் பார்க்கிறேன். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, கால் விரல்களை மேல்நோக்கி மடக்கி, ஷூவின் முனையால் மெல்ல எத்தினால் பந்து பின்பக்கமாகச் சுழன்று அவன் நெஞ்சுக்கே திரும்பி வரும். விரலை மடக்க மறந்தால் பந்து நேரே சமையலறைக்குள் போய்விடும். பெரிய ஆட்டக்காரர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, தோளில் ஒருவர் மோதிக்கொண்டிருக்கும்போதே, இதைச் செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர்களும் விவசாயிகளும் மாணவர்களும் வேலை முடிந்த மாலைகளில் பயிற்சிக்குப் போகிறார்கள். உலகின் தலைசிறந்த கேலிக் கால்பந்து வீரர் என்று பலரும் சொல்லும் கெர்ரியின் டேவிட் கிளிஃபோர்ட் பள்ளி ஆசிரியர்.

இவ்வளவு நல்ல ஆட்டத்துக்குப் போக நான் ஏன் யோசித்திருப்பேன் என்று கேட்பீர்கள். நான் நேரில் பார்த்த முதல் ஆட்டங்களில் பந்து பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு அணியிடம் பந்து வந்துவிட்டால் மற்ற அணியின் பதினான்கு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள். பந்து வைத்திருப்பவர்கள் அந்தச் சுவருக்கு வெளியே கையால் தட்டித் தட்டி இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வழி கிடைக்காவிட்டால் பந்து பின்னால் தங்கள் கோல்கீப்பரிடமே திரும்பிப் போகும். மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். குறை சொன்னது நான் மட்டுமல்ல. அறுபது எழுபது ஆண்டுகளாக இதைப் பார்த்து வருபவர்களே மனம் வெறுத்துப்போயிருந்தார்கள்.

அப்படி வெறுத்துப்போனவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1957-இல் லௌத் மாகாணப் பட்டத்தை வென்று, அதே ஆண்டு கார்க் அணியைத் தோற்கடித்து அகில அயர்லாந்துக் கோப்பையையும் வென்றபோது அவருக்கு ஏழு வயது. அந்த அணியின் தலைவர் டெர்மட் ஓபிரையன், அக்கார்டியன் வாசிக்கும் இசைக்கலைஞர். பெரியவர் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். என் மகன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

அவரிடம் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். ஸ்கேல் வைத்து மையினால் இரண்டு கட்டம் போட்டிருப்பார்: ஒன்று கோலுக்கு, மற்றது புள்ளிக்கு. ஆட்டம் நடக்கும்போது பென்சிலால் கோடு கோடாகக் குறித்துக்கொண்டே வருவார். 2025 தொடக்கத்தில் அந்தப் பக்கங்களில் மூன்றாவது கட்டம் ஒன்று முளைத்தது, பென்சிலில்.

மூன்றாவது கட்டத்தின் காரணம்தான் இந்த மதிப்பீட்டின் மையம். டப்ளின் அணியைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் வெல்ல வைத்த முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு அமைத்து, ஆட்டத்தின் விதிகளைப் புரட்டிப் போட்டார்கள். கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவுக் கோடு வரைந்தார்கள். அதற்கு வெளியிலிருந்து உதைத்த பந்து கம்பிக்கு மேலே போனால் இரண்டு புள்ளி, ஆரஞ்சுக் கொடி. ஒவ்வோர் அணியும் மைதானத்தின் இரண்டு பாதிகளிலும் எப்போதும் குறைந்தது மூன்று பேரை நிறுத்தியிருக்க வேண்டும், ஆகவே எல்லோரும் கோல் வாசலில் போய்க் குவிய முடியாது. கோல்கீப்பர் ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் பந்து அந்த 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். நடுவரோடு வாக்குவாதம் செய்தால் எதிரணிக்குப் பந்து 50 மீட்டர் முன்னேறிவிடும். பேச வேண்டியிருந்தால் அணித்தலைவர் மட்டும் பேசலாம்.

இவற்றில் ஆரஞ்சுக் கொடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். டிக்கெட் எடுத்துப் போகிறவளாக நான் சொல்வேன்: மிகப் பெரிய மாற்றம் கோல்கீப்பரின் உதைதான். முன்பெல்லாம் பக்கத்திலேயே நிற்கும் தன் ஆளுக்குச் சின்னதாகத் தட்டிக் கொடுத்துவிடுவார், அதோடு சரி. இப்போது அந்தப் பந்து உயர எழுந்து மைதானத்தின் நடுவில் இறங்குகிறது. அது இறங்கும் இடத்தில் இரண்டு அணியிலிருந்தும் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் எம்பிக் குதிக்கிறார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, மற்றவர்களின் தோள்களுக்கும் மேலே எழும்பி, அந்தரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது எண்பதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஓர் ஒலி எழும்புமே, அதற்கே டிக்கெட் பணம் சரியாகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு இந்தப் போட்டி ஒரு முறை நடக்கிறது. கொறிக்க எதையாவது எடுக்கக் குனிந்தால் தவறவிட்டுவிடுவோம். "கொடியைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள்" என்று பெரியவர் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.

விதிமாற்றம் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும். 2024 அகில அயர்லாந்து இறுதியில் அர்மா 1-11, கால்வே 0-13. இரண்டு அணியும் சேர்ந்து 27 புள்ளி. 2025 இறுதியில் கெர்ரி 1-26, டொனெகால் 0-19. சேர்ந்து 48.

மே 11-க்கு வருகிறேன். அந்த நாளின் கனம் தெரிய வேண்டுமானால் 2010-ஐச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு லென்ஸ்டர் இறுதியிலும் இதே லௌத், இதே மீத். கடைசி நிமிடத்தில் லௌத் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. கோல் வாசலில் ஏற்பட்ட நெரிசலில் ஒரு மீத் வீரர் பந்தைக் கையோடு கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டார். விதிப்படி அது கோல் அல்ல. கோல் என்று அறிவிக்கப்பட்டது. தவறு என்று நடுவர் பின்னர் ஒப்புக்கொண்டார், ஆனால் மறு ஆட்டம் நடக்கவில்லை. பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தார். அந்த ஆட்டத்தின் பக்கத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். மீத் கோல் கட்டத்தில் ஒன்றும் இல்லை, காலியாகவே விட்டிருக்கிறார்.

பிறகு 2023-இல் இறுதிக்கு வந்தபோது டப்ளின் எங்களை 5-21, 0-15 என்று நொறுக்கியது. 2024-இல் அதே டப்ளினிடம் 2-12, 1-19 என்று நான்கு புள்ளியில் தோல்வி. பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து மாகாணப் பட்டத்தை வைத்திருந்த டப்ளினை 2025 ஏப்ரலில் போர்ட்லீஷில் நடந்த அரையிறுதியில் மீத் வெளியேற்றியது. அந்தச் செய்தி வந்த மாலை பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "மறுபடியும் மீத்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரின் தென்கோடி வீடுகள் மீத் கவுண்டிக்குள் இருக்கின்றன. என் வார்டில் பாதிப் பேர் மீத்காரர்கள். அந்த இரண்டு வாரமும் மருந்துத் தள்ளுவண்டியில் ஒரு பக்கம் சிவப்பு வெள்ளை ரிப்பன், மறு பக்கம் பச்சையும் தங்கமும்.

ட்ராஹெடாவிலிருந்து கானலி நிலையம் வரை ரயிலில் போய், அங்கிருந்து நடந்தோம். ஆட்ட நாளில் கார் வேண்டவே வேண்டாம். நிலையத்திலிருந்து ஏறத்தாழ இருபது நிமிட நடை, கூட்டத்தோடு போனால் வழி கேட்கவும் தேவையில்லை. வழியில் இரண்டு வாங்குதல்கள் பற்றி எச்சரிக்கிறேன். நடைபாதையில் விற்றவரிடம் மகனுக்கு ஒரு சிவப்பு வெள்ளை கழுத்துத் துணி வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல் முறை துவைத்தபோது சாயம் இறங்கி, வெள்ளைப் பட்டைகள் ரோஜா நிறமாகிவிட்டன, கூடப் போட்டிருந்த என் சீருடையும் அதே நிறம். உங்கள் கவுண்டிக் கடையில் முன்கூட்டியே நல்லதாக வாங்கிவிடுங்கள். இன்னொன்று, ஒரு வண்டிக் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல். வெளியே கருகி, உள்ளே வேகாமல் இருந்தது. விலையோ மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு. பெரியவர் தாளில் சுற்றி எடுத்து வந்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் ஃபிளாஸ்கில் கறுப்பாகக் கொதித்த தேநீரும்தான் அன்று எங்களைக் காப்பாற்றின. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அவரும் ஒரு கை பார்த்தார். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

உள்ளே போனதும் முதல் தடவை வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கப்போவது ஒன்று உண்டு. இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைப்பதில்லை. எங்கள் இடப்பக்கம் லௌத் குடும்பம், வலப்பக்கம் தலை முதல் கால் வரை பச்சையும் தங்கமும் உடுத்திய ஒரு மீத் குடும்பம். அந்த அம்மா என் மகனுக்கு மிட்டாய் கொடுத்தார். எழுபது நிமிடம் அவரும் நானும் எதிர் எதிர் நேரங்களில் எழுந்து கத்தினோம். தடுப்பு வேலிகளையும் போலீஸ் வரிசையையும் நடுவில் வைத்துத்தான் பெரிய ஆட்டங்களைப் பார்க்க முடியும் என்று நினைத்து வளர்ந்தவள் நான். குழந்தைகளை நம்பி அழைத்துப் போகக்கூடிய இடம் இது. சிறுவர் டிக்கெட்டும் பெரியவர் டிக்கெட்டின் ஒரு சிறு பங்குதான்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரோக் பார்க் 82,300 பேரைக் கொள்ளும். அன்று 65,000-க்கு மேல் வந்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்தது கியூசாக் பக்கம். பிற்பகல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், தொப்பி வேண்டும். எதிரே ஹோகன் பக்கம் நிழலில் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர் மைக்கேல் ஹோகன், டிப்பரெரி அணி வீரர். 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் இந்த மைதானத்துக்குள் சுட்டார்கள். கொல்லப்பட்ட 14 பேரில் அவரும் ஒருவர். விடுதலைப் போராட்டக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடக்கும்போது நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது. வடக்கே ரயில் பாதையை ஒட்டி இருப்பது ஹில் 16, நின்று பார்க்கும் பகுதி. ஆரவாரத்துக்கு அதுதான் இடம். ஆனால் உயரமானவர்களுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. குழந்தையோடு போனால் இருக்கையே நல்லது, கொஞ்சம் உயரத்தில் எடுங்கள். பந்து காற்றில் போகும் பாதை முழுதும் அங்கிருந்துதான் தெரியும்.

ஆட்டத்தை நிமிடம் நிமிடமாக எழுதப் போவதில்லை. எனக்கே பல இடங்கள் கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. மகனின் தோளை நான் அழுத்திப் பிடித்ததில் மறுநாள் அங்கே தடம் இருந்தது. நினைவிருப்பது கடைசிக் கட்டம். இரண்டு புள்ளி முன்னிலை என்பது பழைய விதியில் கொஞ்சம் மூச்சுவிடும் அளவு. இப்போது ஒரே ஒரு ஆரஞ்சுக் கொடியில் அது சமமாகிவிடும். மீத் வீரர் யார் அந்த வளைவுக்குப் பக்கத்தில் வந்தாலும் மொத்த லௌத் கூட்டமும் எழுந்து நின்றது. பெரியவர் நோட்டை மூடிவிட்டு இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். ஊதல் கேட்டதும் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். உட்கார்ந்தார், நோட்டைத் திறந்தார், மூன்று கட்டங்களையும் விரலால் ஒரு முறை கூட்டிப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை கூட்டினார். சரியாக இருந்தது. வலப்பக்கத்து மீத் அம்மா அவரிடம் கை நீட்டினார். அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். கீழே அணித்தலைவர் சாம் மல்ராய் டெலானி கோப்பையைத் தூக்கியபோது எங்கள் வரிசையில் யாருக்கும் சரியாகப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லௌத் பரப்பளவில் அயர்லாந்தின் மிகச் சிறிய கவுண்டி. 2022 கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 1,40,000. அதிலும் ட்ராஹெடாவில் பலருக்கு உயிர் சாக்கர்தான். அந்த ஊர் முழுக்க அன்று இரவு சிவப்பு வெள்ளை.

அதற்கு முந்தின நாள் தொலைக்காட்சியில் பார்த்த அல்ஸ்டர் இறுதியையும் விட்டுவிடக் கூடாது. டொனெகால் 2-23, அர்மா 0-28, கூடுதல் நேரத்துக்குப் பிறகு ஒரே புள்ளியில் முடிந்தது. இரண்டு நாளில் இரண்டு மாகாண இறுதி, இரண்டும் கடைசி மூச்சு வரை.

ஒரே டிக்கெட்டில் அதிகம் கிடைக்க வேண்டும் என்பவர்கள் அகில அயர்லாந்துத் தொடரின் கால் இறுதி நடக்கும் வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம். நான் போன ஞாயிறு, முந்தைய ஆண்டு இறுதியில் மோதிய இரண்டு அணிகளும் அடுத்தடுத்து வீட்டுக்குப் போயின. முதலில் மீத் 2-16, கால்வே 2-15. இம்முறை என் வார்டுத் தோழிகளுக்காக மீத்துக்கே கத்தினேன். அடுத்து கெர்ரியும் நடப்பு வாகையர் அர்மாவும். இரண்டே வாரத்துக்கு முன் டல்லமோரில் மீத்திடம் 1-22, 0-16 என்று தோற்றுச் சோர்ந்துபோன கெர்ரி அது. இரண்டாவது பாதியில் அவர்களுக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. அர்மா கோல்கீப்பர் உதைத்த பந்துகளை அவர்கள் நடுமைதானத்தில் மறுபடி மறுபடி கைப்பற்றினார்கள். பிடித்த பந்து முன்னால் போகும், கம்பிக்கு மேலே பறக்கும், உடனே அடுத்த உதை, அதுவும் கெர்ரிக்கே. சுமார் கால் மணி நேரத்தில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் கெர்ரி பதினான்கு புள்ளி சேர்த்தது. முடிவு 0-32, 1-21. பழைய விதியில் அர்மா கோல்கீப்பர் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு பந்தைத் தட்டிக் கொடுத்து மூச்சு வாங்கியிருப்பார். அந்த வழி அடைக்கப்பட்டதால்தான் அப்படி ஒரு வெள்ளத்தை என் கண்ணால் பார்த்தேன்.

ஜூலை 27 அகில அயர்லாந்து இறுதியன்று எனக்குப் பகல் பணி. இரவு வந்து மறு ஒளிபரப்பு பார்த்தேன். கிளிஃபோர்ட் தனியாக ஒன்பது புள்ளி எடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜோ ஓகானர் போட்ட கோலோடு கெர்ரியின் 39-ஆவது பட்டம் உறுதியானது. அணித்தலைவர் கேவின் வைட் சாம் மகுவயர் கோப்பையை உயர்த்தினார். விறுவிறுப்பில் கால் இறுதிக்கு இது ஈடில்லை என்பது என் கருத்து. தொடக்கத்திலிருந்தே கெர்ரியின் கையில்தான் இருந்தது.

அந்த ஆட்டத்திலேயே இந்தப் புதிய விதிகளில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் தெரிந்தது. நேரம் முடிந்ததும் இப்போது மைதானத்தில் ஊதல் ஒலிக்கிறது. அந்தப் பருவத்தில், ஊதல் ஒலித்த பிறகும் பந்து ஆட்டத்தில் இருந்து வெளியேறும்வரை ஆடலாம் என்பதால், முதல் பாதியின் கடைசியில் கெர்ரி பந்தைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டே ஊதலுக்குக் காத்திருந்தது. ஊதல் ஒலித்தது. பிறகு கிளிஃபோர்ட் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து இரண்டு புள்ளி, இடைவேளையில் 0-17, 0-10. உதை அழகுதான். அதற்கு முந்தைய காத்திருப்பு, நாம் விரட்டி அனுப்பிய அதே பழைய பக்கவாட்டு ஆட்டம்.

இரண்டாவது குறை கோலின் மதிப்பு. தொலைவிலிருந்து உதைத்தால் இரண்டு என்று ஆக்கிவிட்டு, இத்தனை பேரைத் தாண்டி வலைக்குள் போடும் கோலுக்கு இன்னும் மூன்றே கொடுப்பது போதாது. விதிகளைச் சோதித்தபோது கோலுக்கு நான்கு என்று வைத்துப் பார்த்துப் பிறகு கைவிட்டார்கள். அதை வைத்திருக்க வேண்டும் என்பேன். மே 11 கணக்கை அப்படிப் போட்டுப் பாருங்கள்: லௌத் 26, மீத் 22. என் கவுண்டிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கோல் முயற்சி குறைந்தால் கோல் போட வருபவரும் கோல்கீப்பரும் நேருக்கு நேர் மோதும் கணங்கள் குறையும், குழந்தைகள் ரசிப்பதே அவற்றைத்தான்.

மூன்றாவது, பருவம் மிகவும் நெருக்கமாக இருக்கிறது. ஜூலை முடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. என்னைப் போல் பணிமாற்ற அட்டவணையை நம்பி வாழ்கிறவர்களுக்கு வாரம் வாரம் ஆட்டம் என்றால் பாதியைத் தவறவிட வேண்டியதுதான்.

லௌத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அகில அயர்லாந்துத் தொடரின் குழு ஆட்டங்களைக் கடந்து, ஜூனில் பாலிபோஃபே ஊருக்கு டொனெகாலைச் சந்திக்கப் போனோம். பெரும் தோல்வி. போகும்போது நான்கு மணி நேரம் போல, வரும்போது நாலு நாள் போல இருந்தது. மகன் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருவுக்குள் நுழையும்போதுதான், "தாத்தா, அடுத்த வருடம் மே மாதத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டான். பெரியவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

புதிய விதிகள் ஓராண்டுச் சோதனையாகத்தான் வந்திருந்தன. 2025 அக்டோபரில் குரோக் பார்க்கில் கூடிய சிறப்பு மாநாடு அவற்றை நிரந்தரமாக்கியது. அன்று மாலை நான் செய்தியைச் சொல்லப் போனபோது பெரியவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. புது நோட்டு திறந்திருந்தது. ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கட்டத்தை மையினால் போட்டுக்கொண்டிருந்தார்.